ஏப்ரன் நிறைய கிளிப்

தெருவே அவளைக் கிளிப்பக்கா என்றுதான் கூப்பிட்டது. பக்கத்து ஷெட்டில் வண்டி பழுது பார்க்கும் மெக்கானிக் கேலியாக வைத்த பெயர் அது. கேலி பழகிப் பெயராகி, கடைசியில் அவளே போனை எடுத்து, "கிளிப்பக்கா பேசறேன், சொல்லுங்க" என்று சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

காரணம் இல்லாமல் இல்லை. துணி உலர்த்தும் கிளிப்புகள் அவள் வீட்டில் துணியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இருந்தன. சொட்டும் குழாயின் கழுத்தில் ஒன்று. தண்ணீர் மோட்டார் சுவிட்சின் மேல் ஒன்று. கோழிக்கூண்டின் கம்பியில், தக்காளி நாற்றுத் தட்டின் விளிம்பில், எலுமிச்சை மரத்தின் தாழ்ந்த கிளையில், மாத்திரை அட்டையின் ஓரத்தில். வீட்டுக்குள் மரக் கிளிப், மழையில் ஊறும் என்பதால் தோட்டத்துக்கு பிளாஸ்டிக் கிளிப். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். அவளுக்கு அது உயிர்.

விதி ரொம்ப எளிது. வேலை பாக்கி இருக்கிற இடத்தில் கிளிப் இருக்கும். வேலையை முடித்தால் அதைக் கழற்றித் தன் ஏப்ரனின் கீழ் விளிம்பில் மாட்டிக்கொள்வாள். வீட்டில் குறையக் குறைய ஏப்ரனில் கூடும். எல்லாம் ஏப்ரனுக்கு வந்துவிட்டால் அன்றைய பொழுது முடிந்தது, காலை நீட்டிக்கொள்ளலாம். வெயில் தாழ்ந்ததும் நிறைந்த ஏப்ரனோடு வீட்டையும் தோட்டத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி, நாளைக்கு எதுவெல்லாம் செய்ய வேண்டுமோ அதிலெல்லாம் மாட்டிக்கொண்டே வருவாள். மறுநாள் காலையில் எழுந்ததும் யோசிக்க வேண்டியதே இல்லை. கிளிப் எங்கே கூப்பிடுகிறதோ அங்கே போனால் போதும்.

யோசிக்க வேண்டியதில்லை என்பதுதான் அதில் அவளுக்குப் பெரிய வரம். ஏனென்றால் அவளால் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது.

பல வருஷம் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவள் அவள். மூட்டை மூட்டையாகப் படுக்கை விரிப்புகள் வரும். இயந்திர இரைச்சலில் ஒருத்தி சொல்வது அடுத்தவளுக்குக் கேட்காது. கிழிசல் இருக்கும் மூட்டையிலும் கறை போகாத மூட்டையிலும் கிளிப் மாட்டிவிட்டால், வேலையை முடிப்பவள் அதைத் தன் ஏப்ரனுக்கு எடுத்துக்கொள்வாள். அங்கே மனுஷர்கள் பேசியதைவிடக் கிளிப்புகள் பேசியதே அதிகம். புருஷன் போன துக்கத்தைக்கூட அந்த இரைச்சலுக்குள் போட்டுத்தான் அவள் அமுக்கிக்கொண்டாள்.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. தலைக்கு ஏறிய காய்ச்சல், மூளையைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கியது. பிழைத்ததே பெரிது என்றார்கள். பிழைத்தாள்தான். ஆனால் அவள் மனசின் அடியில் யாரோ ஓட்டை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பழையதெல்லாம் அப்படியே இருந்தது. கல்யாணத்தன்று புருஷன் போட்டிருந்த சட்டையின் பொத்தான் என்ன நிறம் என்று இப்போது கேட்டாலும் சொல்வாள். காலையில் அடுப்பை அணைத்தாளா என்று கேட்டால் முழிப்பாள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வையுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, நோட்டை எங்கே வைத்தேன் என்று எழுத இன்னொரு நோட்டு வேண்டுமே என்று அவள் கேட்க, டாக்டரே சிரித்துவிட்டார்.

இருப்பது ஒரே மகள். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்காரும் வேலை. அம்மாவைத் தன் மாடி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தங்கமான பெண், அதில் குறையே சொல்ல முடியாது. அம்மா எழுந்தால் "உக்காரும்மா" என்பாள். அம்மா துடைப்பத்தைத் தொட்டால் "நான் பாத்துக்கறேன், நீ உக்காரு" என்பாள். மழைக்காலம் முழுவதும் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தே இருந்தாள். அந்த வீட்டில் அவளுக்கென்று மிஞ்சிய ஒரே வேலை, தான் டீ குடித்த கோப்பையைக் கழுவுவது. ஒரு நாள் அதைக் கழுவினாள், கவிழ்த்தாள், கழுவினோமா என்று சந்தேகம் வந்து மறுபடி கழுவினாள், மறுபடி கவிழ்த்தாள். மகள் வந்து பார்த்தபோது அவள் விரலெல்லாம் நீரில் ஊறி வெளுத்துப் போயிருந்தது. மகள் அந்தக் கோப்பையை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்தாள்.

அந்த மெதுவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அன்றைக்கே தன் வீட்டுச் சாவியைக் கேட்டாள். அழுது பார்த்த மகளிடம், கை கால் நன்றாக இருக்கும்போதே என்னைப் பொம்மை மாதிரி ஜன்னலில் வைத்துவிட்டாயே என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

திரும்பி வந்த புதிதில் வீடு அவளைப் படாத பாடு படுத்தியது. நாலு தடவை தண்ணீர் ஊற்றப்பட்ட செடி அழுகிச் செத்தது, ஒரு தடவையும் ஊற்றப்படாத செடி காய்ந்து செத்தது. சோறு தீய்ந்த வாசனை தெருவரைக்கும் போயிற்று. அப்படி ஒரு நாளில் பெட்டியைக் குடைந்தபோது சலவைப் பிரிவின் பழைய ஏப்ரன் கையில் வந்தது. அதன் விளிம்பில் ஒரே ஒரு மரக் கிளிப், என்றைக்கோ முடித்த ஏதோ ஒரு வேலையைக் கவ்விக்கொண்டு அப்படியே இருந்தது. அவள் அதைக் கழற்றிக்கொண்டு போய் அடுப்புக் குமிழில் மாட்டினாள். இந்த வீட்டின் கதை அங்கேதான் மறுபடி தொடங்கியது.

அதன் பிறகு வீட்டில் ஒன்றும் தீயவில்லை. தோட்டத்தில் தக்காளியும் அவரையும் போட்டி போட்டுக்கொண்டு காய்த்தன. ஆனால் தூரத்தில் இருக்கிற மகளுக்கு எது தெரியும்? அம்மா போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானாலும் அவள் விடாமல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். கடைசியில் அவள் ஒரு முடிவோடு பேசினாள். அத்தை ஒரு வாரம் வந்து கூட இருக்கட்டும். வார முடிவில் நானே வந்து பார்க்கிறேன். அம்மாவால் தனியாக இருக்க முடியும் என்று தெரிந்தால் அதற்குமேல் வாயைத் திறக்க மாட்டேன். முடியாது என்று தெரிந்தால் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மா என்னோடு வந்துவிட வேண்டும். மறுபேச்சுக் கூடாது.

"தாராளமா வரச்சொல்லு. கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்கச் சொல்லு," என்றாள் கிளிப்பக்கா. சொல்லிவிட்டாளே தவிர, போனை வைத்த கையோடு வீடு முழுக்கக் கிளிப்புகளை ஒரு தடவை சரிபார்த்துவிட்டு வந்தாள்.

வந்தவள் கிளிப்பக்காவுடைய புருஷனின் அக்கா. ஒரு பெண்கள் ஹாஸ்டலை வாழ்நாள் பூராவும் கட்டி மேய்த்தவள் என்பதால் குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் வார்டன். அவள் ஒரு அறைக்குள் நுழைந்தாலே தலையணைகள் தாமாக நிமிர்ந்து உட்காரும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். எந்தப் பொருளும் கிடந்த இடத்தில் கிடக்க அவள் சம்மதித்ததில்லை. முதல் நாளே அவள் செருப்புகளை வரிசையாக வைத்தாள், கரண்டிகளை உயர வாரியாகத் தொங்கவிட்டாள். கிளிப்பக்கா பொறுமையாகத் தன் விதியை எடுத்துச் சொன்னாள். ஆனால் வார்டன் ஆயுள் முழுவதும் பிறருக்கு எடுத்துச் சொல்லியே பழகியவள், கேட்டுப் பழகியவள் அல்ல. கிளிப்புகளின் வீடு ஏப்ரன் என்பது மட்டும் அவள் காதில் விழுந்தது. அவை ஏன் அங்கே இங்கே போய் உட்காருகின்றன என்பது விழவில்லை.

இருந்தாலும் கண் இருக்கிறதே. தம்பி பெண்டாட்டி பம்பரமாகச் சுழல்வதை அவள் பார்த்தாள். கோழிகள் நேரத்துக்குத் தின்றன, தொட்டி நேரத்துக்கு நிறைந்தது, மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. வாரம் முடிவதற்குள் அவள் மனசு கிளிப்பக்காவின் பக்கம் சாய்ந்தேவிட்டது. அங்கேதான் வினை பிடித்தது.

மகள் வரவேண்டிய நாள். கிழக்கு வெளுக்கும்போதே வார்டன் எழுந்துவிட்டாள். ஒரு தடவை வீட்டைச் சுற்றி வந்தாள். குழாயில், குமிழில், கிளையில், கம்பியில், எங்கே பார்த்தாலும் கிளிப். பாவம், அந்தப் பெண் உள்ளே வந்ததும் இதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றல்லவா நினைப்பாள்? இவ்வளவு பாடுபட்டவளின் காரியம் இந்தக் குப்பையாலா கெட வேண்டும்? வார்டனுக்குக் கண் கலங்கியது. தம்பி இருந்திருந்தால் அவன் செய்திருப்பதை நான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். ஒன்று விடாமல் கழற்றினாள். மாத்திரை அட்டையைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் அவற்றின் வீட்டிலேயே சேர்த்தாள். ஆணியில் தொங்கிய ஏப்ரனின் விளிம்பில் நிற வாரியாக, இடைவெளி பிசகாமல் மாட்டி, தள்ளி நின்று அழகு பார்த்தாள். பிறகு குளித்து உடுத்திக்கொண்டு, மருமகளை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

கிளிப்பக்கா கண் விழித்து வந்து ஏப்ரனை எடுத்தாள். கனத்தது.

குனிந்து பார்த்தாள். விளிம்பு முழுக்கக் கிளிப். அவளுக்குப் புரியவில்லை. சமையலறைக்குப் போனாள், அடுப்புக் குமிழில் ஒன்றும் இல்லை. மோட்டார் சுவிட்சில் இல்லை. தோட்டத்துக் கதவைத் திறந்தாள், ஒரு செடியிலும் இல்லை. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அப்படியானால் எல்லாம் முடிந்துவிட்டது. தானே அதிகாலையில் எழுந்து எல்லாவற்றையும் முடித்திருக்கிறாள், முடித்த களைப்பில் ஒரு கண் அயர்ந்திருக்கிறாள், எப்போதும்போல மறந்துவிட்டாள்.

நீங்கள் கேட்கலாம், செய்தவளுக்குத் தெரியாதா என்று. தெரியாதவள் என்பதுதானே அவள் விதி. தன் ஞாபகத்தை அவள் என்றைக்கோ நம்புவதை விட்டுவிட்டாள். நம்பியதெல்லாம் அந்த ஏப்ரனைத்தான். அது இதுவரை அவளிடம் பொய் சொன்னதில்லை.

அவள் உச்சி குளிர்ந்து போனாள். மகள் வரும் நாளில், மகள் வரும் முன்பே, வேலை அத்தனையும் முடிந்த வீடு! நல்ல துணியாக எடுத்து உடுத்தினாள். தலை வாரிக்கொண்டாள். பின்கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கோழிகள் கத்தின. தின்றதும் போதாமல் இன்னும் கேட்கிறதுகள், பேராசை பிடித்ததுகள் என்று அதட்டினாள். நகத்தைப் பார்த்தாள். மண் இல்லை. சுத்தமாகக் கழுவியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

மதில் மேல் மெக்கானிக்கின் தலை தெரிந்தது. ஸ்பேனரால் முதுகைச் சொறிந்துகொண்டே கேட்டான். "என்னக்கா, நீங்க உக்காந்து நான் பாத்ததே இல்லையே. லீவு போட்டாச்சா?"

"வேலை முடிஞ்சாத்தானேப்பா லீவு. முடிஞ்சிருச்சு," என்று ஏப்ரனை ஆட்டிக் காட்டினாள்.

"நம்ம கடைக்கும் ரெண்டு கிளிப் குடுங்கக்கா. ஒரு வண்டியும் முடியற வழியா இல்ல," என்று சொல்லிவிட்டு அவன் கீழே இறங்கினான்.

பஸ் தாமதம். வார்டனும் மகளும் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கிளிப்பக்கா வாசலுக்கு ஓடி மகளைக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் வாரிய தலையையும் சிரித்த முகத்தையும் பார்த்து மகளுக்கும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி பின்கதவு வரைக்கும்தான் நின்றது.

நாற்றுத் தட்டுகளில் தக்காளிக் கன்றுகள் கழுத்து ஒடிந்து கிடந்தன. கோழிகள் கூண்டுக்குள் அலகைத் திறந்தபடி மூச்சிரைத்துக்கொண்டிருந்தன, தண்ணீர்க் கிண்ணம் சொட்டு நீரில்லாமல் காய்ந்திருந்தது. வாளியில் முதல் நாள் மாலை சோப்பில் ஊறப் போட்ட துணி புளித்து நாறியது. மகள் குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது. உள்ளே போய் மாத்திரை அட்டையை எடுத்து வந்தாள். காலை மாத்திரை அதன் குழியிலேயே உட்கார்ந்திருந்தது.

"காலைல இருந்து என்னம்மா பண்ணிட்டு இருந்தே?"

"எல்லா வேலையும் முடிச்சேன். இதோ பாரு," என்று கிளிப்பக்கா ஏப்ரனைத் தூக்கிக் காட்டினாள். காட்டிய கை பாதியிலேயே நின்றது. நாற்றுத் தட்டுக்குப் போய் மண்ணில் விரலை அழுத்தினாள். சுட்டது. அடுத்த தட்டிலும் அழுத்தினாள். அதுவும் சுட்டது.

"யாரோ கிளிப்பை எடுத்திருக்காங்க," என்றாள்.

"யாரும்மா எடுப்பாங்க? நீயே எடுத்திருப்பே. எடுத்ததை மறந்திருப்பே."

இதற்கு அவள் என்ன பதில் சொல்வாள்? நான் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்ய அவளுக்கு எது இருக்கிறது? தன் பக்கத்துச் சாட்சியாகத் தன்னையே கூப்பிட முடியாத ஒருத்தி இந்த உலகத்தில் எப்படி வழக்காடுவாள்? மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பரணிலிருந்து சூட்கேஸ் இறங்கும் சத்தமும், அலமாரி திறக்கும் சத்தமும் கேட்டன.

கிளிப்பக்கா அழவில்லை. மோட்டாரைப் போட்டாள். கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தாள். ஹோஸைப் பிடித்து நாற்றுகளின் வேரில் பார்த்துப் பார்த்து ஊற்றினாள். வார்டன் அடுக்களை நிலையில் சாய்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் செய்தது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஹாஸ்டலில் இத்தனை வருஷமும் ஒரு தப்பும் அவள் கை வழியாக நடந்ததில்லை என்பதுதான் அவளுடைய பெருமை. அந்தப் பெருமையை விழுங்குவது நெருப்பை விழுங்குவது மாதிரி இருந்தது. விழுங்கினாள். உள்ளே போய், சூட்கேஸில் துணி அடுக்கிக்கொண்டிருந்த மருமகளின் கையைப் பிடித்தாள்.

"நிறுத்துடி. கிளிப்பை எடுத்தது நான்தான். வீடு பாக்க நல்லா இருக்கட்டும்னு எடுத்தேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

ஹோஸை நிறுத்திவிட்டு உள்ளே வந்த கிளிப்பக்காவின் காதில் அது விழுந்தது. ஒரு கணம் அவள் கண்கள் பற்றி எரிந்தன. அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி. நீங்க எடுத்தது கிளிப் இல்ல. என் காலையையே எடுத்துட்டீங்க."

வார்டன் தலையைக் குனிந்தாள். அந்தத் தலை யாருக்கும் குனிந்து குடும்பத்தில் எவரும் பார்த்ததில்லை.

ஆனால் மகள் அம்மாவின் பெண்ணாயிற்றே. துணி அடுக்குவதை நிறுத்தினாளே தவிர சூட்கேஸை மூடவில்லை. யார் எடுத்தால் என்ன என்று கேட்டாள். இன்றைக்கு அத்தை எடுத்தாள், நாளைக்குக் காற்று எடுக்கும், நாளை மறுநாள் காக்கை தூக்கிக்கொண்டு போகும். அப்போதும் நீ வேலை முடிந்தது என்று உட்கார்ந்துதானே இருப்பாய்? மாத்திரை அட்டையில் கிளிப் இல்லையென்றால் மாத்திரையும் இல்லைதானே? அவள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு நீ வேணும்மா. இந்தத் தோட்டம் வேண்டாம்."

"தோட்டம் இல்லாத அம்மாவை மழைக்காலம் பூரா வச்சுப் பாத்தியே. அவ உனக்கு அம்மாவாவா இருந்தா?"

கிளிப்பக்கா பதிலுக்காக நிற்கவில்லை. தோட்டத்துக்கே திரும்பிப் போனாள்.

ஒரு நாற்றுத் தட்டைக் கோபத்தோடு தூக்கினாள். ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று அவளை அரித்தது. பெண் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அண்ணியை ஆயிரம் திட்டலாம், காற்றைத் திட்ட முடியுமா? இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. கிளிப் தொலைந்த வேலையும் முடிந்த வேலையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. சலவைப் பிரிவில் அது தெரியவில்லை, அங்கே காற்று கிடையாது, அண்ணியும் கிடையாது. ஓட்டை இருந்தால் என்ன? தன் தலையிலேயே ஓட்டையோடு வாழ்கிறவள் அவள். இதற்கா பயப்படுவாள்?

ஏப்ரனைப் பார்த்தாள். கையிலிருந்த நாற்றுத் தட்டைப் பார்த்தாள். இப்போது தண்ணீர் ஊற்றியாகிவிட்ட தட்டு. ஏப்ரனிலிருந்து ஒரு கிளிப்பைக் கழற்றி அந்தத் தட்டில் மாட்டினாள். அடுத்த தட்டுக்கு ஊற்றினாள், மாட்டினாள். கோழிக்குத் தீனி போட்டாள், கூண்டில் மாட்டினாள். மாட்ட மாட்ட அவள் நடை வேகமாயிற்று. கடைசியில் ஈரக்காலோடு உள்ளே வந்து, இரண்டு பெண்களையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தோட்டத்தில் நிறுத்தினாள்.

இனிமேல் தலைகீழ் என்றாள். கிளிப் இருந்தால் வேலை முடிந்தது. கிளிப் இல்லாவிட்டால் பாக்கி. காலையில் கிளிப் எல்லாம் ஏப்ரனில் இருக்க வேண்டும், வீடு மொட்டையாக இருக்க வேண்டும். முடிக்க முடிக்க அந்தந்த இடத்தில் மாட்டிக்கொண்டே போக வேண்டும். மாலையில் எல்லாவற்றையும் திரும்ப ஏப்ரனுக்குச் சேர்க்க வேண்டும்.

"காத்து தூக்கிட்டுப் போனா?" என்றாள் மகள், விடாமல்.

"பாக்கின்னு நெனச்சு இன்னொரு தடவை ஊத்துவேன். ஒரு தடவை அதிகமா ஊத்தினா ஈரம்தான் ஜாஸ்தியாகும், செடி செத்துடாது."

"சாயங்காலம் எடுக்க மறந்துட்டா? காலைல எல்லாத்துலயும் கிளிப் இருக்கும். முடிஞ்சதுன்னு உக்காந்துடுவே."

"காலைல ஏப்ரனை எடுத்ததும் கனக்கணும். கனக்கலைன்னா நேத்து கெடந்ததை எல்லாம் சேத்துட்டுத்தான் பல்லே தேய்ப்பேன்."

வார்டன் மெல்லத் தொண்டையைக் கனைத்தாள். எதையும் எடுத்து ஓரிடத்தில் சேர்ப்பது மட்டும் தனக்கு நன்றாக வரும் என்றும், இந்தத் தடவை சரியான நேரத்தில் சேர்ப்பதாகவும், ஊருக்குப் போகும்வரை மாலைச் சுற்றுக்குத் தானும் கூட வருவதாகவும் சொன்னாள். வேண்டாம் என்றாள் கிளிப்பக்கா, கொஞ்சமும் இளகாமல். கூட ஒருத்தர் சுற்றினால் தன் கை பழகாது. வேண்டுமானால் அந்த நாறுகிற வாளித் துணியைத் துவைத்துப் போடுங்கள் என்றாள். வார்டன் மறுபேச்சில்லாமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள்.

மகள் இன்னும் அசையாமல் நின்றாள். கையில் அந்த மாத்திரை அட்டை. "இதுக்கு?" என்றாள். "செடிக்கு ரெண்டு தடவை ஊத்தலாம். மாத்திரையை ரெண்டு தடவை முழுங்குவியா?"

அந்த வீட்டில் அன்றைக்குக் கிளிப்பக்கா தோற்ற இடம் அது ஒன்றுதான். தரையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கடைசியில் மகளின் முகத்தைப் பார்த்தாள். காய்ச்சலில் கிடந்தபோது தன் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்ட கை இது. இந்தக் கைக்கும் செய்ய ஒரு வேலை வேண்டும்தானே? வேலை பறிபோனால் எப்படி இருக்கும் என்று தன்னைவிட யாருக்குத் தெரியும்?

"அது என்னால முடியாது," என்றாள். "மாத்திரைக்கு நீ காலைலயும் சாயங்காலமும் போன் பண்ணு. உன் குரலைக் கேட்டுக்கிட்டே அட்டையைப் பிரிக்கறேன். நீ போன் பண்ணாம நான் அதைத் தொட மாட்டேன். செடிக்கும் கோழிக்கும் உன்னைக் கேக்கல. இதுக்குக் கேக்கறேன்."

மகள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் இப்போது பாதி வேலையை என் தலையில் கட்டுகிறாயா என்று முணுமுணுத்தாள். ஒரு மாசம் பார்ப்பேன், ஒரு வேளை தவறினாலும் வண்டியோடு வந்து நிற்பேன் என்றாள். வந்து நில், ஆனால் சூட்கேஸை இப்போது பரணில் ஏற்று என்றாள் கிளிப்பக்கா. அந்த இடத்திலேயே மகள் மேற்பார்வையில் காலை மாத்திரை தாமதமாக உள்ளே போனது.

கன்றுகளில் பாதி பிழைக்கவில்லை. செத்ததை யாரும் பார்க்காமல் குப்பையில் போட்டுவிடலாம் என்று வார்டன் சொன்னதைக் கிளிப்பக்கா கேட்கவில்லை. அடுத்த விதைப்புக்கு மண் கிளற, காய்ந்த தட்டுகளைத் தூக்கித் தெருப் பக்கம் எல்லோரும் பார்க்கிற மாதிரியே வைத்தாள். என்னக்கா இது என்று கேட்ட மெக்கானிக்கிடம், என் ஏற்பாட்டில் ஒரு பழுது இருந்தது, கழற்றி மாட்டிவிட்டேன், நீ வண்டிக்குச் செய்வதில்லையா என்றாள். அவன் சிரித்துவிட்டு, தூக்க ஒரு கை கொடுத்தான்.

மகளும் வார்டனும் கிளிப்பக்காவின் கை புது விதிக்குப் பழகும்வரை இருந்துவிட்டு ஊருக்குப் போன மறுநாள் காலை. அவள் கனத்த ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு கோழிக்கூண்டைத் திறந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள். மகள்தான். அட்டையைக் கையில் எடுக்கச் சொன்னாள், பிரிக்கச் சொன்னாள், முழுங்கியாயிற்றா என்று கேட்டாள். முழுங்கியாயிற்று என்றாள் இவள்.

"நெஜமா?"

"நம்பினா நம்பு. நம்பலைன்னா சாயங்காலம் கூப்பிடறப்ப மறுபடி கேளு. இப்ப போனை வை, கோழி எல்லாம் கீரைப் பாத்திக்குள்ள பூந்துடுச்சு," என்று சொல்லிவிட்டு, மகள் சிரிப்பதைக்கூட முழுசாகக் கேட்காமல் கிளிப்பக்கா தோட்டத்துக்கு ஓடினாள்.